பச்சை லாரிகளின் மூக்கு

எனக்குச் சோறு போடுவது பனியன். கெட்ட பேர் வாங்கிக் கொடுப்பது லாரி. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் கேட்கிற பனியனை அவர் கேட்ட நிறத்தில், கேட்ட தையலில், கேட்ட தேதிக்குள் அனுப்பி வைக்க வேண்டும். முதல் இரண்டும் எனக்கு ஓரளவுக்கு வரும். இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பழக்கமும் உண்டு. ராணுவத்தில் ஓடி முடித்து ஏலத்தில் வெளியே வந்த பழைய லாரிகளைப் பார்த்தால், இது இன்ன ரகம், இன்ன மாடல் என்று பிரித்துச் சொல்வேன். யாரும் கேட்க மாட்டார்கள். நானாகச் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் இந்த வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் டேங்கர், மரம் இழுக்கிற வண்டி, பள்ளத்தில் கவிழ்ந்ததைத் தூக்குகிற ரெக்கவரி வண்டி, காற்றாலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிற வண்டி என்று எங்காவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்பதால் சேற்றுக்கும் மேட்டுக்கும் இவைதான் தோது. ஆனால் ஜனங்களுக்கு இவை அத்தனைக்கும் இரண்டே பெயர். மூக்கு நீண்டிருந்தால் சக்திமான், மூக்கு இல்லாவிட்டால் மிலிட்டரி லாரி. இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்திமான் என்பது ஒரு குறிப்பிட்ட வண்டி. பெரியது, டீசலில் ஓடுவது, மூக்கு உருண்டு இருக்கும். மூக்கு நீண்ட இன்னொன்று உண்டு, அது ஒன் டன் வண்டி. உருவில் சிறியது, பிறக்கும்போது பெட்ரோல் எஞ்சினோடு பிறந்தது, மூக்கு தட்டை. மூக்கே இல்லாத ஸ்டாலியன் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. ராணுவத்திலிருந்து வருகிற ஜோங்கா என்பது லாரியே கிடையாது, ஜீப்புக்குப் பெரியப்பா மகன் முறை. வட்டக் கழுத்துப் பனியனையும் காலர் வைத்த பனியனையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பினால் எந்த வெளிநாட்டுக்காரராவது சும்மா விடுவாரா? லாரி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி?

இந்தக் கேள்வியை நான் என் மனைவியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவள் கணக்கில் லாரி என்பதில் இரண்டு ரகம்தான். பச்சை லாரி, மற்ற லாரி. பச்சை லாரி தெரிந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

மகள் சிறுமியாக இருந்தபோது அவளுக்குத் திருப்பிக்கொள்ள ஜன்னல் இல்லை. ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவேன். எங்கள் வீடு இருக்கிற வேலம்பாளையத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எங்கே எந்த வண்டி நின்றாலும் வேகத்தைக் குறைத்து, விரலை நீட்டி, ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்பாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். காதில் எதுவும் ஏறியிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் ஞானத்தின் அளவைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீதி முனையில் ஒரு டேங்கர் வந்து நின்றது. ஸ்டாலியன் வண்டி, ஆனால் வழக்கமான கரும்பச்சை இல்லை. மணல் கலந்த ஒரு பழுப்பு. நான் துணிக்காரன். நிறம் என்று வந்துவிட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். துணி லாட் வந்தால் நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டோடு சேர்த்து லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் ஓகே சொல்வோம். அந்தப் புத்தியிலேயே கம்பெனியிலிருந்து ஒரு ஷேடு கார்டை எடுத்துவந்து, காலை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை வண்டிக் கதவில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். இது பாலைவனத்துப் படைப்பிரிவிலிருந்து வந்த வண்டிதான் என்று முடிவு கட்டி, பழைய ராணுவ வண்டிகளுக்கென்று நாங்கள் நாலைந்து பைத்தியங்கள் நடத்துகிற வாட்ஸ்அப் குழுவில் மூன்று திரைக்கு நீளும்படி எழுதிப் போட்டேன். பலரும் கைகூப்பினார்கள். அடுத்த வாரம் அந்த டேங்கர்காரர் வீட்டைத் தாண்டிப் போகும்போதுதான் அவர் வீட்டு கேட்டைப் பார்த்தேன். அதே பழுப்பு. மோட்டார் ரூம் கதவும் அதே பழுப்பு. மாட்டுத் தொட்டிக்குப் போட்ட மூடியும் அதேதான். மிச்சம் இருந்த பெயிண்டை மனிதர் வீணாக்கவில்லை. வேறு தொழிலில் இருப்பவன் லாரியை நிறம் பார்த்து எடை போட்டிருக்க மாட்டான். திருப்பூர்க்காரன் போடுவான்.

இந்தத் தெளிவோடுதான் மகளுக்கு வரன் பார்க்கிற கட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் வந்த வரனின் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். காபி குடித்துக்கொண்டே, தான் பனிமலையில் ஸ்டாலியன் ஓட்டிய கதையைச் சொன்னார். அவர் சொன்ன காலத்தில் அந்த வண்டி ராணுவத்துக்கு வரவே இல்லை. அவர் ஓட்டியது சக்திமானாகத்தான் இருக்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னேன். இல்லை, ஸ்டாலியன்தான் என்றார். நான் செல்போனை எடுத்துப் படம் காட்டினேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து தகவலே இல்லை. மனைவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகள் மட்டும் என் தட்டில் இரண்டு முறுக்கைக் கூடுதலாக வைத்தாள். அந்த வரன் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாவது வரன் அவளே கொண்டுவந்தது. கல்லூரியில் கூடப் படித்த பையன். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தோப்பும் ரெக்கவரி வண்டித் தொழிலும் உள்ள குடும்பம். பையன் எங்கள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனான், ஜாதகமும் ஒத்து வந்தது, இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் பெண் வருவதில்லை, பெண்ணைப் பெற்றவர்களும் நெருங்கிய உறவினர்களும் போவோம். பேசி முடியாத வீட்டில் கை நனைப்பதில்லை. காபி, தண்ணீர் வரைக்கும் தோஷமில்லை. அவர்கள் இலை போடச் சொல்லி நாங்கள் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். இலை போடாமல் காபியோடு அனுப்பினாலும் முடிந்தது என்றுதான் அர்த்தம், வேறு விதமாக.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு அங்க போயி நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க. லாரியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க."

சரி என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னாள். ஒரு மனிதனின் வார்த்தைக்குச் சொந்த வீட்டில் இவ்வளவுதானா மதிப்பு என்று கேட்கலாம் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தப் பையனை அவள் எவ்வளவு விரும்புகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் அந்த வீட்டு வாசலில் கார் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது லாரிதான். தகரக் கொட்டகைக்குக் கீழே, புதுசாகப் பச்சை அடித்து, நெற்றியில் திருநீறு, குங்குமம், கழுத்தில் மாலையோடு நின்றது. தட்டை மூக்கு. ஒன் டன் வண்டி. கார் கதவைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மனைவிக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, என் முழங்கையைப் பிடித்தாள்.

பையனின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வந்து கும்பிட்டு வரவேற்றார். வீட்டுக்குள் அழைத்துப் போகவில்லை, நேரே லாரியிடம் அழைத்துப் போனார்.

"இதுதானுங்க எங்க சக்திமான். எங்கய்யன் ஏலத்துல எடுத்துப்போட்டு அங்கிருந்து ஓட்டியே வந்தாருங்க. இது இழுத்துக் குடுத்ததுதானுங்க எங்களுக்கு எல்லாமே. இந்தப் பக்கத்துல சக்திமான் ஊடுன்னு கேட்டாத்தான் எங்களைத் தெரியுமுங்க."

திரும்பிப் பார்த்தேன். வாசல் போர்டில் பெரிய எழுத்தில் சக்திமான் ரெக்கவரி என்று இருந்தது. உள்ளே ஓரமாக நின்ற புதிய கிரேன் வண்டிகளின் கதவிலும் சக்திமான். அவர் மார்புப் பையில் துருத்திக்கொண்டிருந்த விசிட்டிங் கார்டிலும் அதுவாகத்தான் இருக்கும். நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையிலும் அதையே அடிப்பார்கள். ஒரு சொல், இரண்டு சொல் இல்லை, ஒரு முழுக் கட்டுரையே நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றேன்.

பிறகு காற்றாலையைப் பற்றிப் பேசினேன். தென்னைக்கு வருகிற நோயைப் பற்றி, எனக்கு எதுவும் தெரியாவிட்டாலும், பேசினேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பார்வையை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். உள்ளே சமையல் மணந்தது. வாழை இலைக் கட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அது விரிகிற வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோது பையனின் அப்பா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"பையன் சொன்னானுங்க. மிலிட்டரி வண்டியப் பாத்ததுமே இன்ன ரகம்னு சொல்லிப்போடுவீங்களாமா. நம்ம வண்டி எந்த மாடலுங்க?"

மகள் என்னைத்தான் மிரட்டியிருந்தாள். பையனை மிரட்ட மறந்துவிட்டாள்.

"சக்திமான்தானுங்க" என்றேன்.

நிறம் மாறிவந்த துணிக்குத் தெரிந்தே ஓகே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் முதல் பொய்தான் கஷ்டம் என்பதையும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பழைய சக்திமானா, பிந்தினதா என்று கேட்டார். ரெண்டுக்கும் நடுவிலீங்க என்றேன். எல்லைப்பக்கம் போயிருக்குமா என்றார். கண்டிப்பாகப் போயிருக்குமுங்க, மூக்கைப் பார்த்தாலே தெரியுதே என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் உண்மையைச் சொல்லி ஒருவர் முகத்தில்கூட இப்படி ஒரு வெளிச்சத்தை நான் வரவழைத்ததில்லை.

பையன் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மட்டும் சுருங்கியிருந்தது.

"ஏனுங் மாமா, அது ஒன் டன் வண்டி இல்லீங்களா?"

மனைவியின் கை என் முழங்கையில் மறுபடியும் இறங்கியது. பையன் நிறுத்தவில்லை. அவன் அப்பாவிடம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"மூஞ்சியப் பாக்காதீங்கப்பா, மூக்கப் பாருங்க. மூஞ்சிக்குப் பெயிண்ட் அடிக்கலாம், மூக்க மாத்த முடியாது. சக்திமானுக்கு மூக்கு உருண்டு இருக்கும். இது தட்டை."

சொல்லும்போது காற்றில் கையால் தட்டையாக ஒரு கோடு இழுத்தான். அது என் கை. மூஞ்சி, மூக்கு என்பதும் என் பேச்சு. 'உருண்டு' என்கிற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு மேலே போவதும் என் வழக்கம். நான் இந்தப் பையனிடம் லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் வந்த ஒருத்தியிடம்தான் பேசியிருக்கிறேன்.

"இன்னொண்ணுங்க, பின்னால ஒத்த டயரு பாருங்க. ஒத்த டயருன்னா மிலிட்டரி வண்டி, ரெட்டை டயருன்னா வெளி வண்டி" என்று முடித்தான்.

இது தவறு. ராணுவத்திலும் பின்னால் ரெட்டை டயர் போட்ட வண்டிகள் ஏராளம், ஏலத்தில் எடுத்தவர்கள் வசதிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வதும் உண்டு. மகள் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, நானே அரைகுறையாக இருந்த காலத்தில், வேதவாக்குப் போல அவளிடம் சொன்ன விதி அது. தவறென்று பின்னால் தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் விரிவாகத் திருத்தம் எழுதினேன். மகளிடம் சொல்லவில்லை. அவள்தான் கேட்கவே இல்லையே என்று விட்டுவிட்டேன். அந்த வராந்தாவில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, காபி சூடு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். காபி எப்போதோ ஆறியிருந்தது.

பையனின் அப்பா லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கய்யன் சொன்னது பொய்யிங்களா?" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. இலைக் கட்டு கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. இனி நான் பேசாமல் இருந்தாலும் கெட்டது, பேசினாலும் கெட்டது. மகளின் கலங்கிய கண்தான் நினைவுக்கு வந்தது. சத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"பொய் இல்லீங்க. மூக்கு நீண்ட மிலிட்டரி வண்டிய இந்தப் பக்கத்துல அப்படித்தானுங்க சொல்லுவாங்க. உங்கய்யனும் அப்படிச் சொல்லித்தான் வாங்கியிருப்பாரு. ஊரே ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டா அதுதானுங்க பேரு."

எந்தப் பேச்சை என் ஆயுசு முழுக்க எதிர்த்தேனோ அந்தப் பேச்சுக்கு நானே வக்கீலாக நின்றேன். வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டிருந்தால் என்னை நீக்கியிருப்பார்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பறம் நீங்க தெரிஞ்சேதான் சக்திமான்னு சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க. லாரியப் பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு எம் பொண்ணு சத்தியம் வாங்கி அனுப்புச்சுங்க."

அவர் எழுந்தார். கொட்டகைக்குப் போய் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாலையை விலக்கி அதன் மூக்கைக் கையால் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, யோசனையோடு சொன்னார்.

"எல்லைக்குப் போச்சான்னு வேற கேட்டுப்போட்டனே. நெம்பச் சிரமப்பட்டிருப்பீங்களாட்ட இருக்குது."

ஆமாங்க என்றேன். அவர் உள்ளே பார்த்து இலை போடச் சொன்னார். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தாங்கள் வீட்டுப் பெயரை மாற்றப் போவதில்லை என்றும், நானும் வெளியே சொல்லக் கூடாது என்றும் காதோடு கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன். இதில் ஒருவர் பெயரும் இல்லாமல் நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான். ஊரில் எத்தனையோ சக்திமான் வீடுகள் இருக்கலாம்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பையன் எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தான். மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். மனைவி உடை மாற்றப் போனதும் நான் மெல்ல ஆரம்பித்தேன். ஒத்த டயர் விஷயத்தை மாப்பிள்ளையிடம் எப்படியாவது திருத்திச் சொல்லிவிட வேண்டும், அது அந்தக் காலத்தில் நான் தெரியாமல் சொன்னது என்றேன்.

"தப்புன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா. ஸ்கூல்ல டூர் போனப்ப ரோட்டுல மிலிட்டரி வண்டி வரிசையாப் போச்சு. பாதி வண்டிக்கு ரெட்டை டயருதான்."

"அப்பறம் ஏன் கண்ணு அவருகிட்ட அப்படிச் சொன்ன?"

"நீங்க சொன்னதுன்னுதானே சொன்னேன். நீங்க சொன்ன மாதிரியேதான் சொல்லோணும்."

அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா, அப்பறம் எங்கிட்டப் பேசறப்பவும் நீங்க யோசிச்சு யோசிச்சுப் பேசியிருப்பீங்க."

நான் அடுத்தவர் ஒருவரைக்கூடத் திருத்தாமல் விட்டதில்லை. என்னை ஒருத்தி இத்தனை வருடமாகத் திருத்தாமல் விட்டுவைத்திருந்தாள். அவள் டம்ளரைக் கழுவ உள்ளே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.